மூக்குத்திப்புல் இருக்கும் இடம்

ஆறு இட்லி. பொட்டலத்தைப் பிரிக்கும்போதே அமலோற்பவம் எண்ணிவிட்டாள். ஜேசிபி டிரைவர் ஒச்சப்பன் வண்டிப் படியில் உட்கார்ந்து இலையை மடியில் விரித்துக்கொண்டு, "நான் சாப்ட்டுக் கையக் கழுவுறதுக்குள்ள எடத்தக் காட்டிருங்க டீச்சரம்மா. அந்தப் பத்துக்குப் பத்த அப்பிடியே விட்டுட்டு மிச்சத்தக் கார் நிறுத்துறதுக்கு வழிச்சிர்றேன்" என்று சொல்லிவிட்டு முதல் விள்ளலைச் சட்னியில் தோய்த்தான். நல்லபடியாகத்தான் சொன்னான். முகத்தில் கேலி இல்லை, அவசரம் இல்லை. ஆறு வருஷமாக ஏறி இறங்குகிற மேடு, கையை நீட்டிக் காட்ட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பான். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அவளுக்கு எதிரே சரிவு கிடந்தது. ஒன்றரை ஏக்கர். மார்கழிப் பனியில் கருகி, பங்குனி வெயிலில் வெளுத்த புல், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே நிறம். இதற்குள் எங்கேயோ ஒரு பத்தடிக்குப் பத்தடிக்குள் மூக்குத்திப்புல் முப்பத்தோரு செடி, இலையும் தண்டும் காய்ந்து விழுந்து, வெறும் கிழங்காக மண்ணுக்கடியில் கிடக்கிறது. உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை, அவள் தேடியவரைக்கும் இல்லை. பழனிமலைத் தொடரில் ஏறாத மேடு இல்லை, இறங்காத பள்ளம் இல்லை, எங்கேயும் இல்லை. இங்கேதான் இருக்கிறது. இங்கே என்றால் எங்கே என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் வரைக்கும் தெரியும். நேற்று சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று இருந்தது, முப்பத்தோரு செடிக்கு முப்பத்தோரு கல், தேங்காய் அளவுக் கல், போன ஆவணியில் பூ இருக்கும்போதே, அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்கென்று அவளே ஓடையிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்து, அவளே வெள்ளையடித்து வைத்தது. இப்போது அத்தனையும் அந்தக் காட்டுப்பூவரசு மரத்தடியில் வரிசையாக அடுக்கியிருக்கிறது. மூன்று வரிசை. மேல் கல்லுக்குக் குங்குமம். முன்னால் கற்பூரம் எரிந்த கறுப்பு. ஒச்சப்பன் வேலை அது. நேற்று வண்டியை மேலே ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தியவன், புல்லுக்குள் வெள்ளைக் கல் கூட்டமாக இருப்பதைப் பார்த்திருக்கிறான், உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், இது ஏதோ மலைச்சாமி, வண்டியை ஏத்தினா வம்சத்துக்கு ஆகாது என்று பயந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கி நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் வைத்திருக்கிறான். காலையில் அவள் மூச்சு வாங்க ஏறி வந்ததும் பெருமையாகச் சொன்னான், "ஒண்ணுகூட ஒடையல பாத்துக்கங்க. எண்ணித்தான் வச்சேன்." அவளுக்கு அந்த நிமிஷம் அவனை அறைந்தால் என்ன என்று கை வந்தது. வந்த கை அப்படியே நின்றது. எதற்காக அறைவது? கல்லை மிதித்து உடைத்துக்கொண்டு போயிருந்தால்கூடத் தூள் கிடந்திருக்கும், சுண்ணாம்புத் தடம் கிடந்திருக்கும், இதோ இங்கே என்று சொல்லியிருக்கலாம். மரியாதையாக எடுத்தான் பாவி மகன். அவ்வளவு மரியாதையாக எடுத்ததில் கல் பதிந்த குழியைக்கூடக் காலால் தள்ளி மூடியிருக்கிறான், சாமி இருந்த இடம் மூளியாகத் தெரியக்கூடாது என்று. காலையிலிருந்து இரண்டு தடவை குனிந்து குனிந்து தேடிவிட்டாள். பனி வெடிப்பு, மாட்டுக் குளம்பு, காட்டுப்பன்றி கிளறிய மண், எல்லாக் குழியும் ஒரே மாதிரி இருக்கிறது. கல் எடுத்த இடத்தை அவனிடமே கேட்டதற்கு, "மசங்குன நேரம் டீச்சரம்மா, அங்கிட்டுத்தான்" என்று பாதிச் சரிவையும் சேர்த்துக் கையை வீசினான்.

ஒரு இட்லி முடிந்துவிட்டது. பொறு, யோசி, ஆவணியை நினைத்துப் பார். ஆவணியில் நீ எந்தப் பக்கமிருந்து நடந்து வருவாய்? கீழே ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒற்றையடிப் பாதையில் ஏறி, பாறை வந்ததும் இடது கைப்பக்கம். பாறையிலிருந்து எத்தனை எட்டு? எண்ணியதே இல்லையே. எண்ணுவதற்கு அவசியமே வந்ததில்லை, குழந்தைவேலு முன்னால் நடப்பார், அவள் பின்னால் நடப்பாள், ஆவணியில் மஞ்சு இறங்கியிருக்கும், முன்னால் போகிறவரின் முதுகு தவிர ஒன்றும் தெரியாது. குழந்தைவேலு, பூம்பாறைக்காரர், காட்டிலாகா வாட்ச்சர், செருப்பில்லாத கால், திடீரென்று நிற்பார், "இங்கன மேடம்" என்பார், குனிந்து பார்த்தால் இருக்கும். எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்கு, "காலுக்குத் தெரியுது, எனக்கு எங்க தெரியுது" என்று சிரித்தார். மூக்குத்திப்புல் என்ற பெயரும் அவர் சொன்னதுதான். மாடு மேய்க்கிற பெண்கள் அப்படித்தான் சொல்வார்களாம். பெயர்தான் புல், தரையில் முளைக்கிற ஆர்க்கிட் அது, புல்லோடு புல்லாக ஒரு சாண் உயரத் தண்டு, அதில் ஏழெட்டுப் பூ, ஒவ்வொன்றும் ஒற்றைக்கல் மூக்குத்தி அளவு, பச்சையும் இல்லாத வெள்ளையும் இல்லாத நிறம். ஒன்பது நாள்தான். பத்தாம் நாள் போனால் இருந்த சுவடு இருக்காது. பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு வாசனை வரும், அடுப்பில் பால் அடிப்பிடிக்கிறதுக்குச் சற்று முன்னால் வருமே, அந்த வாசனை. அவள் முதல் தடவை முகர்ந்தபோது, ஐயோ, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்துவிட்டேனோ என்று நிஜமாகவே பதறினாள். அப்புறம் சிரித்தாள். மலை உச்சியில், ஐம்பத்தோரு வயதுப் பொம்பளை மண்டியிட்டு உட்கார்ந்து சிரித்தாள். அவள் வாழ்க்கையில் அப்படிச் சிரித்தது ரொம்பத் தடவை இல்லை. குழந்தைவேலு போன தைமாசம் செத்துப்போனார். சாவுக்குப் போய் மாலை போட்டாள், துணி சுற்றியிருந்த அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அப்போதாவது தோன்றியிருக்க வேண்டாமா, இந்தக் காலோடு சேர்ந்து என்னவெல்லாம் போகிறது என்று? கல்தான் இருக்கிறதே என்று இருந்துவிட்டாள்.

"சட்னி காரம்" என்று ஒச்சப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தண்ணீர் குடித்தான். மூன்று இட்லி இருக்கிறது. இல்லை, இரண்டரை. போன் இருக்கிறதே, போனில் பார்க்கலாமே என்று காலையிலேயே அவனே சொன்னான், புத்திசாலிதான். பார்த்தாள். போன் ஒரு நீலப் புள்ளியைக் காட்டுகிறது, அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம், அவள் அசையாமல் நிற்கும்போதே அந்தப் புள்ளி தானாக நகர்ந்து அந்தப் பக்கம் ஒரு வீட்டுத் தூரம் போய் நிற்கிறது, திரும்பி வருகிறது. சரி, அந்தப் புள்ளியை எந்த எண்ணோடு ஒப்பிடுவது? எண் அவளிடம் உண்டா? நோட்டில் உண்டு. நோட்டில் அவள் கையெழுத்தில் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் முத்து முத்தாக எழுதியிருக்கிறது, அத்தனையும் பொய். அவளே எழுதிய பொய். வேண்டுமென்றே கடைசி இரண்டு எண்ணை மாற்றி எழுதினாள். அவள் மட்டுமில்லை, காட்டு ஆர்க்கிட் பார்க்கிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. பக்கத்து மலையில் ஒருத்தர் ஒரு ஆர்க்கிட்டைக் கண்டுபிடித்து, சந்தோஷம் தாங்காமல் இடத்தைச் சரியாக எழுதிவிட்டார், மூன்றே மாதத்தில் ஆள் வந்து சாக்கில் அள்ளிக்கொண்டு போய்விட்டான், வெளிநாட்டுக்கு விற்கிற கும்பல், ஒரு வேர்கூட மிச்சமில்லை. அதற்கப்புறம் அவள் யாரையும் நம்பவில்லை. கட்டுரையில் மாற்றினாள். கட்டுரை எழுதுவதற்கு முன்னால் நோட்டிலும் மாற்றினாள், நோட்டு தொலைந்தால்? நோட்டை எவனாவது எடுத்துப் பார்த்தால்? எப்படி மாற்றினாள், கூட்டினாளா, கழித்தாளா, கூட்டினால் எவ்வளவு? அது மண்டையில் இருக்கும் என்று விட்டாள். மண்டை! போட்டோ இருக்கிறது, இருநூறு போட்டோ. எல்லாம் பூ, பூவின் உதடு, மகரந்தப் பை, தண்டு. பின்னால் ஒரு பாறை தெரிகிறதா, ஒரு மரம் தெரிகிறதா? தெரியாது. தெரியாதபடிதான் எடுக்க வேண்டும் என்று கல்லூரியில் தாவரவியல் வகுப்பில் பாடமே நடத்தியிருக்கிறாள். தூரத்தில் ஒரு மேட்டின் விளிம்பு விழுந்திருந்த ஒரே படத்தையும் வெட்டி எறிந்தாள், அதை வெட்டியபோது தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டது இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. இது ஞாபகம் வருகிறது பார். வேண்டியது வரவில்லை.

வத்தலக்குண்டு வீட்டில் அம்மா கடைசி இரண்டு வருஷம் எதை எடுத்தாலும் ஒளித்து வைப்பாள். திருடன் வருவான் என்பாள். வைரத்தோட்டை ஒருநாள் கழற்றி எங்கேயோ ஒளித்து வைத்தாள், பத்திரமா வச்சிருக்கேன், பத்திரமா வச்சிருக்கேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், அரிசிக்குள், மெத்தைக்குள், மாதா படத்துக்குப் பின்னால், எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அப்புறம் தோடு என்றால் என்ன என்பதே அவளுக்கு மறந்துபோனது. அப்புறம் அமலோற்பவத்தையும் மறந்தாள், "நீங்க யாரு, சிஸ்டரா?" என்று மரியாதையாகக் கேட்டாள். அது வந்துவிட்டதா? அதுதானா இது? போன வாரம் ஸ்டாஃப் ரூமில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடினாளே, எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள், ராத்திரி தூக்கம் வரவில்லை. இதை மட்டும் நினைக்காதே. இப்போது இதை நினைக்கிற நேரமா? யாராயிருந்தாலும் இந்தக் காய்ந்த புல்லில் தடுமாறத்தான் செய்வார்கள். ஆவணியில் புல் முழங்கால் உயரம், பச்சை, மஞ்சு. இப்போது மொட்டை, வெயில். வேறு மலைக்கு வந்த மாதிரி இருக்கிறது. யாராயிருந்தாலும் தடுமாறுவார்கள். தடுமாறுவார்களா? ஆறு வருஷம் வந்தவள்? மாதாவே, ஒரு பத்தடியைக் காட்டித் தா. ஒரே ஒரு பத்தடி. நான் வேறு எதுவும் கேட்டதில்லையே உன்னிடம்.

பத்தடியைத் தந்ததே பெரிய காரியம். நாலு வருஷமாக அதிகாரிகளுக்கு மனு. கார் நிறுத்துமிடம் வேண்டும்தான், சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் ரோட்டோரம் நிறுத்தி நிறுத்தி விபத்தாகிறது, யார் இல்லையென்றது, அரை மைல் தள்ளிக் கட்டாந்தரை இருக்கிறதே அங்கே வையுங்கள் என்றாள். அங்கிருந்து பள்ளத்தாக்கு தெரியாதாம். வந்து பாருங்கள் என்றாள், வந்தார்கள், தையில் வந்தார்கள். செடி எங்கே மேடம் என்றார்கள். மண்ணுக்குள் இருக்கிறது சார், ஆவணியில் வாருங்கள் என்றாள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தோண்டிக் காட்டுங்கள் என்றார் ஒருவர். தோண்டினால் செத்துப்போகும் சார். தோண்டக் கூடாது, வெளியேயும் தெரியாது, இருக்கிறது என்று மட்டும் நாங்கள் நம்ப வேண்டும், அப்படித்தானே மேடம் என்று சொல்லி அவர் சிரித்தார். கிழங்கை வேண்டுமானால் எடுத்து வேறு இடத்தில் நட்டுக்கொள்ளுங்களேன் என்று தாராளமாகச் சொன்னார்கள். அதுவும் பார்த்தாயிற்று. இரண்டாம் வருஷம் நாலு கிழங்கை அடிமண்ணோடு பெயர்த்து, கல்லூரித் தோட்டத்தில் நிழலில் வைத்தாள். இருபது நாளில் நாலும் அழுகிற்று. இந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை நூல் இருக்கிறது, அது ஊட்டினால்தான் இது பிழைக்கும், விதைகூடத் தூசி மாதிரி, அதற்குள் ஒரு வாய்ச் சோறு கிடையாது, அந்த நூல் வந்து தொட்டால்தான் முளை. அவ்வளவு திக்கற்ற பிறவி. அதுக்குப் போய் நான் ஒருத்தி வாய்த்தேன் பார். முந்தாநாள் சாயங்காலம்தான் அவர்களில் ஒரு இளம் அதிகாரி போன் பண்ணினார், நல்ல பிள்ளை, "இதுக்கு மேல என் கையில இல்ல மேடம். பத்துக்குப் பத்து விட்டுடச் சொல்றேன், கார்டன் மாதிரி இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு மேல ஒரு அடி கேட்டீங்கன்னா அதுவும் போயிடும். நேர்ல போய்க் காட்டிடுங்க." அவள் அழுதுவிட்டாள். பத்தடி போதும் தம்பி, அது இருக்கிறதே பத்தடிக்குள்தான் என்று சொன்னாள்.

கடைசி இட்லி. அவன் அதை இரண்டாகப் பிட்டு மிச்சச் சட்னியை வழித்துக்கொண்டிருந்தான். அமலோற்பவம் செருப்பைக் கழற்றினாள். குழந்தைவேலுவின் காலுக்குத் தெரிந்தது தன் காலுக்கும் தெரிந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. பாறையிலிருந்து இடது பக்கம் நடந்தாள். காய்ந்த புல் குத்தியது. பத்து எட்டு, இருபது எட்டு. இங்கே கொஞ்சம் சரிவு மட்டுப்படுகிறது, ஆவணியில் இங்கே ஈரம் நிற்கும், மண்டியிடும்போது சேலை நனையும், இங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் அங்கேயும் சரிவு மட்டுப்படுகிறதே. பள்ளத்தாக்கு விளிம்புப் பக்கம், அங்கேயும் ஈரம் நிற்கும். பூவை முகர்கிற மாதிரி மூக்கை இழுத்துப் பார்த்தாள், பங்குனியில் வாசனை வருமா என்ன, பைத்தியம். புழுதி வாசனையும் ஒச்சப்பன் வண்டியின் டீசல் வாசனையும்தான் வந்தது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டால்? இன்றைக்கு முடியாது, ஆவணி வரைக்கும் பொறு என்று சொன்னால்? அவன் போனைப் போடுவான், போனைப் போட்டால் மேலிருந்து அந்தச் சிரிப்புக்காரர் பேசுவார், இடம் எது என்று மேடத்துக்கே தெரியாதாம் என்பார், அப்புறம் பத்தடியும் இல்லை. வண்டிக்கு முன்னால் படுத்துக்கொண்டால்? படுக்கலாம். எத்தனை நாள்? முழங்கால் வலிக்கு ராத்திரி மாத்திரை போடுகிறவள், எத்தனை நாள் படுப்பாய்? அவன் இலையைச் சுருட்டினான். பாட்டிலைச் சாய்த்துக் கை கழுவினான். துண்டில் துடைத்தான். "ம், சொல்லுங்க டீச்சரம்மா." அவளுடைய கை தானாக நீண்டது. நின்ற இடத்தையே காட்டினாள். "இதுதான் தம்பி. இங்கிருந்து இதுவரைக்கும்." குரல் தெளிவாக இருந்தது. வகுப்பில் பேசுகிற குரல். முப்பது வருஷம் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே மாதிரி சொல்லிப் பழகிய குரல். ஒச்சப்பன் ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுபடி செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தடியிலிருந்து கல்லை எல்லாம் சுமந்துகொண்டு வந்து, அவள் காட்டிய பத்தடியைச் சுற்றி நாலு பக்கமும் வரிசை பிடித்து வைத்தான். மூலைக்கு மூலை எட்டி நின்று கோணல் பார்த்தான். அவன் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்து அவளுக்கும் ஒரு நம்பிக்கை வந்தது. இருக்கும். இங்கேதான் இருக்கும். காட்டினது நானா, கைதானே காட்டியது, கைக்குத் தெரிந்திருக்கும்.

வண்டி உறுமிற்று. பள்ளத்தாக்கு விளிம்புப் பக்கமிருந்து ஆரம்பித்தான். முதல் பக்கெட் புல்லோடு மண்ணைப் பெயர்த்து நாற்பதடிப் பள்ளத்தில் கொட்டியது. இரண்டாவதும் அப்படியே. அவள் வெள்ளைக் கல்லுக்கு உள்ளே, நடுவில், காவலுக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது பக்கெட் நிறைந்து திரும்பும்போது ஓரம் வழிந்து ஒரு கூடை மண் அவள் பக்கம் சரிந்து விழுந்தது. கறுப்பு மண். அவள் கண் எப்போதும் மண்ணுக்குத்தான் போகும், போயிற்று. கறுப்பில் வெள்ளை வெள்ளையாக. கல்லுக்கு வெளியே வந்து குனிந்தாள். உரித்த மொச்சை அளவு, இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு. ஒன்று சுருங்கியது, போன வருஷப் பூவுக்குச் சோறு போட்டது. ஒன்று விறைப்பாக, வரப்போகிற ஆவணிக்கு. எல்லாம் பக்கெட் பல்லில் அறுபட்டுப் பால் கசிந்துகொண்டிருந்தது. ஏழு ஜோடி எண்ணினாள். எட்டாவது நசுங்கியிருந்தது. விளிம்புப் பக்கம் பார்த்தாள். மூன்று பக்கெட் எடுத்த அகலம், பத்தடி இருக்கும். பத்தடிதான் அதன் வீடு. அவளை அறியாமல் கை மேலே போனது, வண்டி நின்றது, ஒச்சப்பன் பதறிக் குதித்து ஓடி வந்தான். "என்னம்மா, கோட்டத் தாண்டிட்டனா? கல்லு எதும் நகந்துருச்சா?" ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தான், முகம் வெளிறியிருந்தது. அவள் சேலைக் கொசுவத்தை இறக்கிவிட்டு, வெறுங்காலால் அந்தக் கூடை மண்ணைப் புரட்டி வெள்ளையை எல்லாம் மூடினாள். கத்த வேண்டும் போலிருந்தது, யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல தம்பி. சரியாத்தான் விட்டிருக்க" என்றாள். அவனுக்கு மூச்சு வந்தது. துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தான். "பயந்தே போனேன். கடைசி வரைக்கும் இதுமேல ஒரு பொட்டு மண்ணு விழாது, பாத்துக்கங்க. ஆவணில பூத்ததும் எனக்கு ஒரு போன் அடிங்க டீச்சரம்மா. புள்ளைகளக் கூட்டியாந்து காட்டணும், அப்பன் வண்டியில இடிச்சது மட்டும்தான் பாத்திருக்குதுக." அவள் தலையாட்டினாள். "நம்பர் சொல்லு" என்று போனை எடுத்தாள். அவன் சொன்னான். ஒரு தடவை தப்பாகப் போட்டு அழித்தாள். கடைசி இரண்டு எண்ணை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லி, சரிபார்த்து, அவன் பெயரோடு சேர்த்துப் பதிந்துகொண்டாள்.